பொய் விளம்பரத்துக்குக் காசு வாங்கியவர் பதில் சொல்ல வேண்டாமா? புகார் கொடுக்கும் வழி

தாமிரபரணி77:

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் தமிழில் ஓடும் இரண்டு வகை விளம்பரங்களைப் பற்றித்தான் கேள்வி.

ஒன்று, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசுவதுபோல டீப்ஃபேக் வீடியோ, அதாவது செயற்கை நுண்ணறிவால் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்தது. "ரூ.21,000 கட்டினால் மாதம் லட்சக்கணக்கில் வரும், அரசே நடத்தும் திட்டம்" என்று போகும். இந்த மாதிரி வீடியோக்களைப் பொய் என்று மத்திய அரசின் செய்தித் தொடர்பு அமைப்பான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு பலமுறை சொல்லியாயிற்று. பக்கத்தின் பெயர் மட்டும் மாறி, அதே வீடியோ மறுபடி வருகிறது.

இரண்டு, "சர்க்கரை நோய் 30 நாளில் வேரோடு போகும், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" வகைப் பொடி விளம்பரம். வெள்ளை கோட் போட்ட யாரோ ஒருவர் பேசுவார்.

மூன்று புள்ளியை அழுத்தி ரிப்போர்ட் செய்தால் "எங்கள் விதிகளை மீறவில்லை" என்றே பெரும்பாலும் பதில் வருகிறது. நுகர்வோர் சங்கத்துக்காக இரண்டு பக்கக் கையேடு தயாராகிறது. "ஏமாறாதீர்கள், விழிப்புடன் இருங்கள்" என்று எழுத நூறு பேர் இருக்கிறார்கள். எங்களுக்குத் தேவை வேறு: விளம்பரத்தைக் காசு வாங்கிக்கொண்டு காட்டிய நிறுவனத்தை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பிடிக்கலாம், ஆதாரம் எப்படி எடுப்பது, யாருக்கு எழுதுவது, எங்கே வழுக்கும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்புள்ளி:

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் போட்ட பொய்ப் பதிவு வேறு, காசு கட்டி ஓடும் பொய் விளம்பரம் வேறு. கையேட்டில் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் இரண்டும் கெடும்.

பதிவு என்றால் நிறுவனத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 79 கவசம்: மற்றவர் போட்டதற்கு நிறுவனம் பொறுப்பாகாது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கவசத்தை இன்னும் தடிமனாக்கியது. நீங்களும் நானும் "இது பொய்" என்று எழுதுவதால் நிறுவனத்துக்குத் "தெரிந்துவிட்டது" என்று ஆகாது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ போக வேண்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய வதந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நடவடிக்கை பரப்பியவர்கள் மேல்தான் பாய்ந்தது. "பொய்" என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவை எடுக்க வைக்கும் பொது அதிகாரம் யாருக்கும் இல்லை. மத்திய அரசு தனக்கென உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஒன்றை விதிகளுக்குள் கொண்டுவந்தது, பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை ரத்து செய்துவிட்டது. அது நல்லதே என்பது என் கருத்து. எது பொய் என்று அரசே தீர்ப்பெழுதும் வழி எந்தக் கட்சி ஆட்சியிலும் வேண்டாம்.

விளம்பரத்தில் நிலைமை நமக்குச் சாதகம். பிரிவு 79(2)(b)யைப் படித்துப் பாருங்கள். கவசம் வேண்டுமானால் நிறுவனம் அனுப்புதலைத் தானே தொடங்கக்கூடாது, பெறுநரைத் தேர்வு செய்யக்கூடாது, உள்ளடக்கத்தைத் தேர்வு செய்யவோ மாற்றவோ கூடாது. இப்போது விளம்பரம் எப்படி ஓடுகிறது என்று யோசியுங்கள். 45 வயதுக்கு மேல், திருநெல்வேலி மாவட்டம், சர்க்கரை நோய் பற்றிப் பார்ப்பவர் என்று ஆளைப் பொறுக்கி எடுத்து முன்னால் வைப்பது யார்? விளம்பரதாரர் குறிப்பு கொடுக்கிறார், பொறுக்குவது நிறுவனத்தின் இயந்திரம். கூகுள் – டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2023 ஆகஸ்ட் 10 அன்று இதையொட்டித்தான் பேசியது. விளம்பரத் திட்டத்தில் கூகுள் சும்மா வழிவிடுகிறவர் அல்ல, தானே பங்கெடுப்பவர். வணிகச் சின்ன மீறல் இருந்தால் 79 கவசம் கிடைக்காது என்றது. அது வணிகச் சின்ன வழக்கு, மோசடி வழக்கு அல்ல. ஆனாலும் வாதத்தின் முதுகெலும்பு அதுதான்.

அடுத்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. கையேட்டில் பெரிய எழுத்தில் போட வேண்டியது பிரிவு 21. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளருக்கும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் ரூ.10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் ரூ.50 லட்சம் வரை அபராதம் போடலாம். விளம்பரத்தை வெளியிடுபவருக்கும் ரூ.10 லட்சம் வரை போடலாம். ஆனால் வெளியிடுபவருக்கு ஒரு ஓட்டை: "வழக்கமான தொழிலின் போக்கில் வெளியிட்டேன்" என்று தப்பலாம். அந்த ஓட்டையை அடைக்கும் வரி அடுத்தே இருக்கிறது. விளம்பரத்தை நிறுத்தவோ திருத்தவோ சொல்லும் ஆணையத்தின் உத்தரவு வெளியிடுபவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் அந்தத் தப்பித்தல் செல்லாது.

ஆக, உங்கள் வேலை அபராதம் கேட்பதில் தொடங்கவில்லை. முதல் குறி, அந்த உத்தரவை வாங்கி நிறுவனத்தின் கையில் சேர்ப்பது. அதற்குப் பிறகு அதே விளம்பரம் ஓடினால்தான் கிடுக்கிப்பிடி.

எங்கே எழுதுவது? பிரிவு 17இன்படி மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் நீட்டும் மனுவில் "நு.பா.சட்டம் 2019, பிரிவு 17இன் கீழ்" என்று தலைப்பிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் சைபர் கிரைமுக்கு அனுப்பி, "மனு தொடர்புடைய துறைக்கு மாற்றப்பட்டது" என்ற குறுஞ்செய்தியோடு கதை முடிந்துவிடும்.

பிக்சல் பாண்டி:

சட்டம் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் ஆதாரத்துக்கு வருகிறேன், பாதிப் புகார்கள் இங்கேதான் செத்துப்போகின்றன.

இந்த விளம்பரங்கள் இரண்டு முகம் காட்டும். "க்ளோக்கிங்" என்பார்கள். நிறுவனத்தின் பரிசோதனை இயந்திரம் போய்ப் பார்த்தால் சமையல் குறிப்பு, யோகா வகுப்பு என்று ஏதாவது சாதுவான பக்கம் திறக்கும். இந்திய செல்போன் இணைப்பில், முகநூல் செயலிக்குள்ளிருந்து, விளம்பரத்தை அழுத்தி வருபவருக்கு மட்டும் மோசடிப் பக்கம். ஆகவே சுட்டியைக் காப்பி செய்து அலுவலகக் கணினியில் திறந்து, "ஒன்றும் தப்பாக இல்லையே" என்று காவல்துறை திருப்பி அனுப்பினால் வியக்க வேண்டாம். அவர்கள் பார்த்தது வேறு பக்கம்.

அதனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள். ஒரே ஓட்டத்தில், வெட்டாமல், இந்த வரிசையில்:

போனில் தேதி நேரம் தெரியும்படி தொடங்கி, விளம்பரத்தை முழுதாக ஓட விடுங்கள். "ஸ்பான்சர்டு" என்ற சொல் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், அதுதான் காசு வாங்கியதற்குச் சாட்சி. பிறகு மூன்று புள்ளியை அழுத்தி "இந்த விளம்பரம் எனக்கு ஏன் காட்டப்படுகிறது" என்பதைத் திறங்கள். வயது, இடம், மொழி, ஆர்வம் என்று சில காரணங்கள் வரும். சட்டப்புள்ளி சொன்ன "பெறுநரைத் தேர்வு செய்தது யார்" என்ற கேள்விக்கு நிறுவனமே எழுதிக்கொடுக்கும் பதில் இது. யாரும் இதைப் படம் எடுப்பதில்லை! அடுத்து விளம்பரத்தை அழுத்தி, திறக்கும் பக்கத்தின் முகவரிப் பட்டையை முழுதாகக் காட்டுங்கள். முகவரியின் வாலில் எஃப்பிசிஎல்ஐடி என்று தொடங்கி நீளமாக எழுத்தும் எண்ணும் இருக்கும். முகநூலில் இருந்து அழுத்தி வந்ததற்கான அடையாளம் அது, வெட்டிவிடாதீர்கள். பெயர், போன் எண் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆதாரத்துக்காக எண்ணைக் கொடுத்தால் அடுத்த நாளே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள்.

அதன் பிறகு அந்தப் பக்கத்தின் "பேஜ் டிரான்ஸ்பரன்ஸி". எப்போது தொடங்கிய பக்கம், முன்பு என்ன பெயர், நிர்வகிப்பவர்கள் எந்த நாட்டில் என்று அங்கே தெரியும். பேக்கரிப் பெயரிலோ பள்ளி முன்னாள் மாணவர் பெயரிலோ இருந்த பக்கம் திடீரென்று "முதலீட்டு ஆலோசனை" ஆகியிருந்தால் அது திருடிய பக்கமாகவோ வாங்கிய பக்கமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பக்கத்துக்குப் பின்தொடர்பவர்கள் இருப்பார்கள், சந்தேகம் குறைவாக வரும் என்பதுதான் கணக்கு.

அங்கிருந்தே மெட்டாவின் (முகநூல், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் தாய் நிறுவனம்) விளம்பர நூலகத்துக்குப் போகலாம். நாடு இந்தியா, எல்லா விளம்பரங்களும் என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் லைப்ரரி ஐடி என்று ஒரு நீண்ட எண்ணும், ஓடத் தொடங்கிய தேதியும் இருக்கும். புகாரில் நீங்கள் எழுத வேண்டிய முதல் எண் இதுதான். "ஒரு விளம்பரம் பார்த்தேன்" என்பதற்கும் "லைப்ரரி ஐடி இது, இந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வழுக்கும் இடங்கள். அரசியல், சமூகப் பிரச்சினை விளம்பரங்களை நூலகம் 7 ஆண்டு வைத்திருக்கும். மற்றவை இந்தியாவில் ஓடும்வரைதான் தெரியும், நிறுத்தியதும் மறைந்துவிடும். நாளை எடுக்கலாம் என்று விட்டால் போச்சு. நூலகத் தேடல் விளம்பரத்தின் எழுத்தில்தான் தேடும், வீடியோவில் பேசுவதில் தேடாது. அதனால்தான் இவர்கள் எழுத்தைக் குறைத்து எல்லாவற்றையும் பேச்சில் வைக்கிறார்கள். எழுத்து இருந்தாலும் நடுவில் புள்ளி, கோடு, வேற்று மொழி எழுத்து செருகியிருக்கும். முழுப் பெயரால் தேடிக் கிடைக்காவிட்டால் துண்டு துண்டாகத் தேடுங்கள்.

எடுத்த கோப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது சுருக்கிவிடும், கோப்பு வேறாகிவிடும். "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள், இல்லை பென்டிரைவில் போடுங்கள். எடுத்த அன்றே எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் எண் எடுத்து நோட்டில் எழுதுங்கள். கோப்பின் கைரேகை மாதிரி அது, கோப்பு கொஞ்சம் மாறினாலும் எண் மாறிவிடும். விண்டோஸ் கணினியில் தனி மென்பொருள் வேண்டியதில்லை, கமாண்ட் பிராம்ப்ட்டில் செர்ட்யூட்டில் கட்டளையே போதும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம், பிரிவு 63இன் சான்றிதழ் படிவத்தில் ஹாஷ் எண்ணுக்கென்றே இடம் இருக்கிறது. படிவம் இரண்டு பாகம்: அ பாகத்தில் கோப்பை எடுத்தவர் கையெழுத்து, ஆ பாகத்தில் வல்லுநர் கையெழுத்து. யார் போனில் எடுத்தார்களோ அவரே அ பாகத்தில் போட வேண்டும். சங்கத் தலைவர் கௌரவத்துக்காகப் போட்டால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வார்.

தாமிரபரணி77:

இரண்டு பேருக்கும் நன்றி. "ஏன் காட்டப்படுகிறது" திரை யோசித்தே பார்க்காதது. குறைதீர் அதிகாரி, மேல்முறையீட்டுக் குழு என்றெல்லாம் சொல்கிறார்களே, அதுவும் மூன்று புள்ளி ரிப்போர்ட்டும் ஒன்றா?

சட்டப்புள்ளி:

ஒன்றல்ல. மூன்று புள்ளி ரிப்போர்ட், நிறுவனம் தன் சொந்த விதிகளின்படி பார்ப்பது. குறைதீர் அதிகாரிக்கு அனுப்புவது 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள், விதி 3(2)இன்படியான புகார். 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள நிறுவனம் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அதிகாரியையும் சட்டப்படி நடப்பதற்குப் பொறுப்பான தலைமை இணக்க அதிகாரியையும் வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும். தீர்ப்பதற்கு முதலில் 15 நாள் கொடுத்திருந்தார்கள். 2026 பிப்ரவரித் திருத்தத்தில் அது 7 நாளாகக் குறைந்தது. நீதிமன்ற, அரசு உத்தரவு போனால் எடுக்க வேண்டிய நேரமும் அதே திருத்தத்தில் 36 மணியிலிருந்து 3 மணியாகச் சுருங்கியது.

பதில் திருப்தி இல்லையா, 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம். கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. ஒப்புகை எண், நிறுவனத்தின் பதில், தேதி மூன்றும் கையில் இருக்க வேண்டும். மூன்று புள்ளி ரிப்போர்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொரு தவறு. டீப்ஃபேக், ஆள்மாறாட்டப் புகாருக்கு விதி 3(2)(b) என்ற விரைவு வழி இருக்கிறது. ஆனால் அது யாருடைய முகம் திருடப்பட்டதோ அவரோ அவர் சார்பில் ஒருவரோ போக வேண்டிய வழி. அமைச்சர் முகத்துக்காக உங்கள் சங்கம் அதில் போக முடியாது. உங்கள் ஊர் மருத்துவரின் முகத்தை வைத்துப் பொடி விற்றிருந்தால் அவரை எழுதச் சொல்லுங்கள், வேகமாக நடக்கும். நீங்கள் போக வேண்டியது விதி 3(1)(b): தெரிந்தே பொய்யான, ஏமாற்றும் தகவல் என்ற அடிப்படை.

நிறுவனம் விதிகளை மீறினால் விதி 7இன்படி 79 கவசம் போகும் என்பது உண்மைதான். அது தானாகப் போகாது. யாராவது வழக்குப் போட்டு, அந்த வழக்கில் நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

மருந்துக்கடை_கோவை:

பொடி விளம்பரத்துக்குத் தனி வழி உண்டு, முதலீட்டு மோசடியைவிட இது எளிது. காரணம், விற்பவன் டப்பாவில் ஏதாவது ஒரு உரிம எண்ணைப் போட்டே ஆக வேண்டும்.

டப்பாவைத் திருப்புங்கள். 14 இலக்க எண் இருந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம். அதாவது சட்டப்படி அது மருந்தல்ல, உணவு. உணவை விற்றுக்கொண்டு நோய் குணமாகும் என்று சொல்லவே முடியாது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 53: தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை வெளியிடுபவர், வெளியீட்டில் பங்குள்ளவர் எவராயினும் ரூ.10 லட்சம் வரை அபராதம். பிரிவு 80இல் விளம்பரம் வெளியிடும் தொழில் செய்பவருக்கு ஒரு தற்காப்பு உண்டு. அதிகாரி முன்பே எழுத்தில் "இது குற்றமாகும்" என்று தெரிவித்திருந்தால் அந்தத் தற்காப்பு கிடையாது. சட்டப்புள்ளி சொன்ன 21ஆம் பிரிவின் அதே முடிச்சுதான் இங்கேயும். எழுத்தில் தெரிவித்த காகிதம் இல்லாமல் ஒன்றும் நகராது.

மருந்து உற்பத்தி உரிம எண் இருந்தால் அது சித்த, ஆயுர்வேத மருந்து. தமிழ்நாட்டு உரிமம் என்றால் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதித் துறைக்கு எழுத வேண்டும். வேறு மாநில உரிமம் என்றால் அந்த மாநிலத்துக்கு. இதில்தான் ஆறு மாதம் போகும், நகலை இரண்டு பக்கமும் அனுப்புங்கள்.

இரண்டு எண்ணும் இல்லையென்றால் உரிமமில்லாத மருந்து. மருந்து ஆய்வாளரிடம் நேராகப் போகலாம்.

மூன்றுக்கும் பொதுவாக 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருத்துவம், ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணையில் 54 நோய்கள். சர்க்கரை நோயும் புற்றுநோயும் அதில் உண்டு. அட்டவணையில் உள்ள நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். மருந்து வேலை செய்யுமா, செய்யாதா என்ற விவாதத்துக்குள் நீங்கள் போகவே வேண்டியதில்லை. ஆய்வக அறிக்கையும் வேண்டாம், வாசகமே போதும். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், அடுத்த முறை ஓராண்டு வரை. பிரிவு 3 விளம்பரத்தை "வெளியிடுவதில் எந்தப் பங்கும்" எடுக்கக்கூடாது என்கிறது, விற்பவரோடு நிற்கவில்லை. ரீல்ஸ் விளம்பரம் இதில் வருமா என்று கேட்பார்கள். 1954இல் எழுதியவர்கள் ஒளி, ஒலி, புகை மூலம் செய்யும் அறிவிப்பும் விளம்பரமே என்று எழுதி வைத்திருக்கிறார்கள். புகைக்கே இடம் இருக்கும்போது ரீல்ஸுக்கு இல்லாமல் போகாது.

புகாரில் விளம்பரத்தின் தமிழ் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். "குணமாக்கும்" என்றானா, "கட்டுக்குள் வைக்க உதவும்" என்றானா என்பது வழக்கின் வலுவை மாற்றும். விவரமான கம்பெனி இரண்டாவதை எழுத்தில் போட்டுவிட்டு முதலாவதைப் பேச்சில் விடும். ஆகவே பேச்சையும் எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று குறித்து எழுதி வையுங்கள்.

வைகைவாசன்:

எல்லாம் சரி நண்பர்களே. ஆனால் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கா மெட்டா பயப்படும்? 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிட்டது. 2024 வருவாயில் ஏறத்தாழ 10 சதவீதம், அதாவது சுமார் 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்கள், தடைசெய்த பொருட்களின் விளம்பரங்கள் வழியே வரும் என்று அவர்களே உள்ளுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நிறுவனம் அது உத்தேசமான, மிகைப்பட்ட கணக்கு என்று மறுத்தது. அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் தடை. சந்தேகம் அதற்குக் கீழே இருந்தால் கூடுதல் விளம்பரக் கட்டணம். அவர்களுக்கு அது தண்டனை. நமக்கு? சந்தேகப்படும் ஆளிடம் கூடுதலாக வாங்கிக்கொண்டு பந்தலுக்குள் விடுவது.

வெளிநாடுகளில் பலன் தந்தது விளம்பரம் ஓடும் முன்னே ஆளைச் சரிபார்க்க வைத்ததுதான். தைவானில் 2024இல் மோசடித் தடுப்புச் சட்டம் கொண்டுவந்து, விளம்பரத்துக்குக் காசு கட்டுபவர் யார் என்று காட்டச் சொன்னார்கள். காட்டாததற்கு 2025 மே மாதம் மெட்டாவுக்கு 10 லட்சம் தைவான் டாலர் அபராதம். சிங்கப்பூர் 2025 செப்டம்பரில், அரசுப் பொறுப்பில் உள்ளவர்களின் முகத்தைத் திருடும் மோசடிகளைத் தடுக்க மெட்டாவுக்கு இணையக் குற்றத் தீங்குகள் சட்டத்தின் கீழ் உத்தரவு போட்டது. மீறினால் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் உலக வருவாயில் 6 சதவீதம் வரை போகும். 2025 டிசம்பரில் எக்ஸ் (பழைய ட்விட்டர்) நிறுவனத்துக்கு 12 கோடி யூரோ போட்டபோது சொன்ன காரணங்களில் ஒன்று, விளம்பரக் களஞ்சியத்தை ஒழுங்காக வைக்காதது. பாண்டி சொன்ன நூலகம் இந்தியாவில் அரைகுறையாக இருப்பதும் அங்கே ஓராண்டுக்குப் பழைய விளம்பரங்களும் தெரிவதும் இந்தச் சட்ட வித்தியாசத்தால்தான்.

இந்தியாவிலும் ஒரு மூலையில் இது நடந்திருக்கிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2025இல் தன்னிடம் பதிவு பெற்றவர்களைக் கூகுள், மெட்டா தளங்களில் செபியிடம் கொடுத்த மின்னஞ்சல், போன் எண்ணோடு பதிந்துவிட்டுத்தான் விளம்பரம் செய்யச் சொன்னது. பங்கு, முதலீட்டு விளம்பரதாரரைச் சரிபார்க்கும் முறையை மெட்டாவும் இங்கே கொண்டுவந்தது. அப்புறமும் ஏன் வருகிறது என்றால், மோசடிக்காரன் முதலீடு என்ற பிரிவிலேயே விளம்பரத்தைப் போடுவதில்லை. செய்தி, கல்வி, பொழுதுபோக்கு என்று போடுகிறான். வாசலில் காவலர் நிற்கிறார், கொல்லைக் கதவு திறந்திருக்கிறது. உங்கள் கையேட்டில் இதை ஒரு கோரிக்கையாகவே வையுங்கள்: பிரிவு எதுவானாலும் காசு கட்டும் எல்லோரையும் சரிபார்க்க வேண்டும்.

பிக்சல் பாண்டி:

வாசன் சொல்வதோடு முழு உடன்பாடு, ஒரு சின்னச் சேர்க்கை. சரிபார்ப்பு வந்தாலும் வாடகைக்கு எடுத்த விளம்பரக் கணக்கு, திருடிய கணக்கு என்று சுற்றி வருவார்கள். அப்போதும் ஒரு லாபம்: காசு கட்டிய கார்டு யாருடையது என்ற தடம் மிஞ்சும். முகநூல் பக்கத்தைத் துரத்துவதைவிட அந்தத் தடத்தைக் கேட்பது புத்திசாலித்தனம். காவல்துறைப் புகாரில் "விளம்பரக் கணக்கின் கட்டண விவரத்தையும் உள்நுழைவு ஐபி முகவரிகளையும் நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். கேட்காவிட்டால் பக்கத்தை நீக்கியதோடு நின்றுவிடும்.

தாமிரபரணி77:

பணம் இழந்தவர் நுகர்வோர் நீதிமன்றத்தில் மெட்டாவிடமே நஷ்டஈடு கேட்க முடியுமா? சங்கத்தில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சட்டப்புள்ளி:

கேட்கலாம், கிடைக்கும் என்று கையேட்டில் எழுதாதீர்கள். நுகர்வோர் என்றால் விலை கொடுத்தவர். இலவசச் சேவை "சேவை" என்பதற்குள் வராது என்று பிரிவு 2(42) சொல்கிறது. "எங்கள் பயனர் எங்களுக்கு ஒரு பைசா தரவில்லை" என்பார்கள். தரவைத் தருவதும் விலைதான் என்று வாதாடலாம், ஆனால் அது வாதம்தான், நிலைபெற்ற சட்டம் அல்ல. மேலே நான் சொன்ன டிஆர்எஸ் தீர்ப்புக்கும் எதிர்க் குரல் உண்டு. 2020இல் அமேசான் – ஆம்வே வழக்கில் அதே டெல்லி உயர் நீதிமன்றத்தின் வேறு அமர்வு, தானே பங்கெடுக்கும் இடைநிலை நிறுவனம், சும்மா வழிவிடும் நிறுவனம் என்ற பிரிவினையே 79இல் இல்லை என்றது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான், தயாராகப் போங்கள்.

பணம் போனவருக்கு முதல் வேலை 1930, சைபர் மோசடி உதவி எண். பேசும்போது யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், எந்த வங்கி என்று கையில் வைத்திருக்க வேண்டும். பேசியதோடு விடாமல் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரையும் பதிந்துவிடுங்கள். பணம் இரண்டு மூன்று கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மிஞ்சும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி 3 வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். அது உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் எடுத்த பணத்துக்கு. ஏமாந்து தானே அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. கையேட்டில் இதைத் தவறாகப் போட்டால் வங்கி வாசலில் சண்டை வரும்.

அந்தத் தளப் புகாரில் "எப்படித் தொடர்பு ஏற்பட்டது" என்ற இடத்தில் பலர் "வாட்ஸ்அப்" என்று எழுதிவிடுகிறார்கள், கடைசியாகப் பேசியது அங்கே என்பதால். தொடக்கம் முகநூல் விளம்பரம் என்றால் அதைத்தான் எழுத வேண்டும், லைப்ரரி ஐடியோடு. இல்லையென்றால் விளம்பரம் காட்டிய நிறுவனம் வழக்கின் காகிதத்திலேயே இருக்காது.

தாமிரபரணி77:

ஆட்சியருக்குப் போகும் மனுவின் கடைசிப் பத்தி இப்படி எழுதியிருக்கிறது: "எனவே மேற்படி விளம்பரங்களின் மீதும் அவற்றை வெளியிட்ட நிறுவனத்தின் மீதும் உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." சரியா?

சட்டப்புள்ளி:

"தக்க நடவடிக்கை" என்ற இரண்டு சொல்லைத் தூக்கிவிடுங்கள். என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எது வசதியோ அதுதான் தக்க நடவடிக்கை. இப்படி மாற்றுங்கள்:

"இணைப்பு 1இல் உள்ள லைப்ரரி ஐடிகளில் ஓடும் விளம்பரங்களை விசாரித்து, பிரிவு 21(1)இன் கீழ் நிறுத்த உத்தரவு பிறப்பிக்கும்படி அறிக்கையை மத்திய ஆணையத்துக்கு அனுப்பக் கோருகிறோம். அந்த உத்தரவு, இதே பொருளுக்கு இதே குணமாக்கும் உறுதிமொழியுடன் வேறு எந்தப் பக்கத்தின் பெயரில் வரும் விளம்பரத்துக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். உத்தரவின் நகல் வெளியிடும் நிறுவனத்தின் இந்தியத் தலைமை இணக்க அதிகாரிக்கு ஒப்புகையுடன் அனுப்பப்பட வேண்டும். அனுப்பிய தேதி எங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் நூலகத்தில் போய் அதே பொடியைத் தேடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் பாண்டி சொன்ன வரிசையில் மறுபடி ஒரு ரெக்கார்டிங் எடுத்து வையுங்கள்.